வான்கதவு திறக்கிற நேரம் எந்தத் துறையின்ர கேள்வி?

2023 ஒக்டோபர் 8

முரசுமோட்டைத் தம்பி ஒருவர் போட்ட கேள்வி. வெட்டாமல் வைக்கிறன்:

“பௌதிகவியல், பொறியியல், கணினி விஞ்ஞானம், மெய்யியல் நாலும் சேர்ந்த ஆய்வு எண்டு இப்ப எல்லாரும் தலைப்புப் போடுறாங்கள். முதல் சொன்ன மூண்டும் சரி. மெய்யியலுக்கு அங்க என்ன வேலை? நிதி கேட்டு எழுதுற கடிதத்தில வடிவாக் கிடக்கும், வேற ஒண்டுமில்லை. வன்னியில இருந்து ஒரு உதாரணம் காட்டினால் வாயை மூடுறன்.”

உதாரணம் உங்கட வளவுக்கு மேல்பக்கத்திலயே கிடக்கு. கிளிநொச்சி இரணைமடுக் குளம். நிரம்பினால் 36 அடி, மிஞ்சின தண்ணியை வெளிய விட 14 வான்கதவு, தண்ணி கொண்டு வாறது கனகராயன் ஆறு. மாரி இறங்கினால் கேள்வி ஒண்டுதான்: எப்ப, எத்தினை கதவு, எவ்வளவு உயரத்துக்கு? முந்தித் திறந்து மழை பொய்ச்சால் சிறுபோகத்துக்குத் தண்ணி காணாது. பிந்தித் திறந்தால் நீங்கள் கட்டிலுக்கு மேல கதிரையை ஏத்த வேணும். நாலு துறையும் இந்த ஒரு கேள்விக்குள்ள நிக்குது எண்டதுதான் என்ர வாதம். மெய்யியல் முன்னுரையில இல்லை, கணினி நிரலுக்கு நடுவில நிக்குது. ஒவ்வொண்டாக் கழட்டிக் காட்டுறன்.

2023 ஒக்டோபர் 9

பௌதிகத்தை முதல் முடிச்சுவிடுவம், அது சின்ன வேலை.

கதவைக் கொஞ்சம் தூக்கினால் தண்ணி கதவுக்குக் கீழால பீறிக்கொண்டு போகும். இத்தாலியப் பௌதிகர் ரொறிசெல்லி 1644இல எழுதினது இதுக்குப் பொருந்தும்: வேகம் மேல நிக்கிற தண்ணி உயரத்தின்ர வர்க்கமூலத்தோட போகும். உயரம் ரெண்டு மடங்கானால் பாய்ச்சல் 1.41 மடங்கு. கதவைத் தண்ணியில முட்டாமல் முழுக்கத் தூக்கிவிட்டால் விளையாட்டே மாறும். இப்ப அது வழிஞ்சு பாயிற தண்ணி. பாய்ச்சல் உயரத்தின்ர ஒண்டரை அடுக்கோட போகும். உயரம் ரெண்டு மடங்கானால் 2.83 மடங்கு. முதலாவதை ஏ/எல் பெடியளுக்கு வருசாவருசம் படிப்பிக்கிறன். வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது ரெண்டாவது.

கதவை அரைவாசி தூக்கிறதுக்கும் முழுக்கத் தூக்கிறதுக்கும் இடையில ஒரு குழப்பமான பகுதி இருக்கு. அதில ரெண்டு சமன்பாடும் சரியா வேலை செய்யாது. அங்க பொறியியலாளர் அளந்து வைச்ச அட்டவணைதான் கைகொடுக்கும். பௌதிகம் படிச்சவைக்கு உது கொஞ்சம் கசக்கும். எனக்கும் கசந்தது.

2023 ஒக்டோபர் 11

வெளிய போற தண்ணியைக் கணக்குப் பாக்கலாம். உள்ள வாற தண்ணிதான் தலையிடி.

கணக்குக்குச் சுகமா, மழையை வாங்கிற நிலம் 500 சதுர கிலோமீற்றர் எண்டு வையுங்கோ. அதில 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50 மில்லியன் கன மீற்றர். குளத்தின்ர முழுக் கொள்ளளவே சுமார் 148 மில்லியன் கன மீற்றர்தான். ஆனால் பெய்யிறது எல்லாம் குளத்துக்கு வாறேல்ல. பத்தில மூண்டு பங்கு ஓடி வந்தால் 15 மில்லியன். பத்தில ஆறு பங்கு வந்தால் 30 மில்லியன். வித்தியாசம் மட்டும் குளத்தில பத்தில ஒரு பங்கு. மூண்டா, ஆறா எண்டதை மழைமானி சொல்லாது. ஐப்பசி தொடக்கத்தில காய்ஞ்ச நிலம் வாறதைக் குடிச்சிடும். மார்கழியில அதே நிலம், அதே மழை, ஆனால் குடிக்க இடமில்லை.

இன்னொண்டு. அந்த நிலம் கிளிநொச்சி டவுனில இல்லை. மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் கொட்டுற மழைதான் இங்க வந்து சேரும். ஏ9இல பஸ்ஸில போனவைக்குத் தெரியும், மாங்குளத்தில கண்ணாடி தெரியாத மழை, முறிகண்டியில தூசு பறக்கும். குளக்கட்டில நிண்டு வானத்தைப் பாத்துக் கதவு திறக்கேலாது.

2023 ஒக்டோபர் 11, இரவு

“பரந்தனில நிலம் மட்டுமோ குடிக்குது” எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். அது சமூகவியல். ஐஞ்சாவது துறையை இப்ப உள்ள விடேலாது.

2023 ஒக்டோபர் 15

ஞாயிறு. நீளமா எழுத நேரம் இருக்கு.

“பொறியியல் எண்டால் அட்டவணை பாக்கிறதோ” எண்டு பௌதிகப் பெடியன் ஒருத்தர் நக்கலடிச்சிருக்கிறார். அவருக்காக மானிங்கின்ர கதை.

ரொபேட் மானிங் அயர்லாந்துப் பொறியியலாளர். 1889இல வாய்க்காலில தண்ணி ஓடுற வேகத்துக்கு ஒரு சூத்திரம் வாசிச்சார். சரிவின்ர வர்க்கமூலம், நீர் ஆழத்தோட தொடர்புள்ள ஒரு அளவின்ர மூண்டில் ரெண்டு அடுக்கு, எல்லாத்தையும் கரடுமுரட்டு எண் ஒண்டால வகுக்கிறது. இண்டைக்கும் உலகம் முழுக்க வாய்க்கால் கட்டுறது இதை வைச்சுத்தான். வேடிக்கை என்னெண்டால், மானிங்குக்கே அதில திருப்தி இல்லை. அலகுகள் பொருந்தி வராது, கனமூலம் எடுக்கிறதும் அந்தக் காலத்தில கரைச்சல். அவர் வேற ஒரு சூத்திரத்தை முன்வைச்சார். உலகம் அதைத் தூக்கிப் போட்டிட்டு இதை எடுத்துக்கொண்டுது.

அந்தக் கரடுமுரட்டு எண்ணை எப்பிடி எடுக்கிறது? பெரும்பாலும் கண்ணால பாத்து. சுத்தமான மண் வாய்க்காலுக்கு 0.02 சொச்சம். தண்ணி மட்டம் வரைக்கும் புல் அடைச்சுக் கிடந்தால் 0.08. அதாவது அதே வாய்க்கால், அதே சரிவு, அதே ஆழம், வேகம் நாலில ஒண்டு. அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனம் 1967இல ஆறுகளின்ர படங்களைப் போட்டு, ஒவ்வொண்டுக்கும் அளந்த எண்ணையும் போட்டு ஒரு வெளியீடே விட்டது. உங்கட ஆறு எந்தப் படம் மாதிரி இருக்கோ, அந்த எண்ணை எடு எண்டதுதான் பயன்பாடு.

நான் முதல் முதல் கழிவு வாய்க்கால் பாக்கப் போனது ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரோட. கரையில நிண்டு ஒரு பீடி பத்த வைச்சார். “முப்பத்தைஞ்சு” எண்டார். 0.035 எண்டு அர்த்தம். அளக்கேல்ல, கணக்குப் போடேல்ல. நான் பிறகு பாய்ச்சலை அளந்து பின்னோக்கிக் கணக்குப் பாத்தால், சொல்லவே வெக்கமா இருக்கு, அவ்வளவு கிட்ட வந்தது. அவருக்குத் தெரிஞ்சது என்ன, அது அறிவா, அனுபவமா, ஊகமா? மெய்யியலில அறிவு எண்டால் என்ன எண்டு ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல சண்டை நடக்கிறது இதுக்குத்தான். அவர் அதுக்குள்ள பீடியை முடிச்சிட்டு மோட்டச்சைக்கிளில ஏறிட்டார்.

பௌதிகப் பெடியனுக்கு மருந்து கடைசியில வருது. 2002இல ஜியோயா, பொம்பார்டெல்லி எண்டு ரெண்டு பேர், ரஷ்யக் கணிதர் கொல்மொகொரொவ் 1941இல கொந்தளிப்புப் பாய்ச்சலுக்குச் சொன்ன கோட்பாட்டில இருந்து மானிங்கின்ர அடுக்குகளை எடுத்துக் காட்டினவை. ஊகம் எண்டு நினைச்சது 113 வருசத்துக்குப் பிறகு கோட்பாட்டுக்குள்ள வந்து இருந்தது. ஆனாலும் புல் எவ்வளவு வளர்ந்திருக்கு எண்டதை அந்தக் கோட்பாடும் சொல்லாது. போய்ப் பாக்க வேணும்.

2023 ஒக்டோபர் 22

இப்ப கணினிக்கு வாறன். மெய்யியல் எனக்கு முகத்தில அறைஞ்சதும் இங்கதான்.

என்ர ஆய்வுக்கு, மழையைக் குளத்து நீர்வரவா மாத்துற மொடல் ஒண்டு ஓட்டுறன். பெரிசா ஒண்டுமில்லை: மேல்மண் எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு வேகமா வடியும், சின்னக் குளங்கள் எவ்வளவை இடையில மறிக்கும், இப்பிடிக் கொஞ்ச எண்கள். எங்களுக்கு நேரா அளக்க முடியாத எண்கள். அதால கணினியிட்ட விட்டு, பழைய நீர்மட்டப் பதிவோட பொருந்திற எண்களைத் தேடச் சொல்லுறது. ராவிரவா ஓடவிட்டிட்டு விடியப் பாத்தால் ஒரு நல்ல விடை கிடைக்கும் எண்டு நினைச்சிருந்தன். கிடைச்சது நல்ல விடைகளின்ர குவியல். மண் நிறையப் பிடிச்சு மெதுவா வடியிற வன்னி ஒண்டு. மண் கொஞ்சமாப் பிடிச்சு, சின்னக் குளங்கள் மறிக்கிற வன்னி இன்னொண்டு. ரெண்டும் பழைய பதிவோட அச்சொட்டாப் பொருந்துது. ஆனால் அடுத்த பெருமழைக்கு ரெண்டும் ரெண்டு விடை சொல்லுது. ஒண்டு “ராத்திரியே திற” எண்டுது, மற்றது “விடியட்டும்” எண்டுது.

கீத் பெவன் எண்ட நீரியலாளர் இதைத்தான் 1990களில இருந்து அடிச்சுச் சொல்லுறார். சரியான எண் தொகுதி ஒண்டு இருக்கு எண்ட நம்பிக்கையை விடுங்கோ, தரவோட ஒத்துப்போற எல்லாத்தையும் கையில வைச்சிருங்கோ, ஒவ்வொண்டுக்கும் ஒரு நிறை குடுத்து எதிர்வுகூறலை ஒரு வீச்சாச் சொல்லுங்கோ எண்டு. இதுக்கு வலு முதலே, 1906இல, பியர் டுஹெம் எண்ட பிரெஞ்சுப் பௌதிகர் ஒண்டு சொன்னார்: பரிசோதனை ஒரு தனிக் கருதுகோளை ஒருநாளும் சோதிக்கிறேல்ல, கூட்டமா நிக்கிற கருதுகோள்களைத்தான் சோதிக்குது. பிழைச்சால் கூட்டத்தில ஆர் பிழை எண்டு அது காட்டித்தராது. அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1951இல அதை இன்னும் விரிச்சார். நான் டுஹெமை வாசிச்சது தூக்கம் வராத ஒரு ராத்திரி, மொடல் ஓடி முடியுமட்டும். அவர் என்ர திரையைப் பாத்துக்கொண்டு எழுதின மாதிரிக் கிடந்தது.

விஞ்ஞான வரலாற்றாளர் நவோமி ஒரெஸ்கெஸும் கூட்டாளிகளும் 1994இல எழுதின கட்டுரையும் இதோட வாசிக்க வேணும். இயற்கையில இருக்கிற தொகுதி ஒண்டும் வெளியில இருந்து எதுவும் உள்ள வராத மூடின தொகுதி இல்லை, அதால அதின்ர மொடலை உண்மை எண்டு நிறுவேலாது எண்டதுதான் அவையின்ர வாதம். “மொடல் சரிபார்க்கப்பட்டது” எண்டு அறிக்கையில எழுதுறவை அதை ஒருக்கா வாசிச்சிட்டு எழுதினால் நல்லது.

2023 ஒக்டோபர் 23

வவுனியாவில இருந்து எழுதுற அக்கா மறிச்சிருக்கிறா. டுஹெம் சொன்னதும் பெவன் சொன்னதும் ஒண்டில்லை எண்டுறா. பெவன்ர சிக்கல் தரவு காணாததால வாறது. ஆறு பூரா அளவுமானி பூட்டினால் குறையும். டுஹெம்ர சிக்கல் எவ்வளவு அளந்தாலும் போகாது.

பிரிச்சது நல்லது, அக்கா. ஆனால் நடைமுறையில ரெண்டையும் பிரிக்கிறது இவ்வளவு லேசில்லை. அளவுமானி பூட்டினால் அந்த மானி சரியா வேலை செய்யுது எண்டதும் ஒரு கருதுகோள்தானே. வெள்ளம் வாற அண்டைக்குத்தான் மானியையும் வெள்ளம் கொண்டுபோகும். தேவைப்படுற மணித்தியாலத்தில தரவு காணாது, மற்ற நாளெல்லாம் நிறைய இருக்கும்.

2023 ஒக்டோபர் 29

தரவு எண்டு எழுதினதும் ஒருவர், “எந்த வருசத்தில இருந்து உங்களிட்ட இருக்கு” எண்டு கேட்டார். வன்னியில இந்தக் கேள்விக்கு விடை சொல்லுறவை எல்லாரும் முதல் ஒரு பெருமூச்சு விடுவினம்.

பழைய பதிவு கொஞ்சம் இருக்கு. பிறகு யுத்தகாலம். கொப்பிகள் எரிஞ்சது, நனைஞ்சது, இடம்பெயர்ந்தது. பிறகு திரும்ப ஒழுங்காத் தொடங்குது. நடுவில ஒரு பெரிய வெளி. நீரியலில நீளமான பதிவுதான் சொத்து. நூறு வருசத்துக்கு ஒருக்கா வாற வெள்ளம் எண்டு கதைக்கிறதுக்குக் கையில கிழிஞ்ச கொப்பி மட்டும்.

இந்த வெளியை நிரப்ப எல்லாரும் இப்ப ஈஆர்ஏ-5 எண்டதை எடுக்கினம். ஐரோப்பிய நடுத்தர வானிலை எதிர்வுகூறல் நிலையத்தின்ர மீள்பகுப்பாய்வு. 1940இல இருந்து, உலகம் முழுக்க, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம். கிடைச்ச அவதானங்களை வானிலை மொடல் ஒண்டுக்குள்ள ஊட்டி, அவதானம் இல்லாத இடத்தை மொடல் நிரப்பும். சண்டை நடந்த ஒரு நாளில, ஆரும் மழைமானி பாக்காத ஒரு நாளில, மாங்குளத்தில எவ்வளவு மழை எண்டு அது சொல்லுது. அது அவதானமா, கணிப்பா? தரவு எண்ட தலைப்புக்குக் கீழ அதைப் போடலாமா? வெண்டி பார்க்கர் எண்ட மெய்யியலாளர் 2016இல இதே கேள்வியை எடுத்து எழுதினவ. எங்கட அளவீடுகளிலயும் ஊகமும் மொடலும் கலந்துதான் இருக்கு, ரெண்டுக்கும் இடையில சிலர் நினைக்கிற மாதிரிப் பெரிய சுவர் இல்லை எண்ட பக்கம் போறா. நான் அவ்வளவு தூரம் போகமாட்டன். வெப்பமானி வாசிப்புக்கும் ஆரும் இல்லாத காட்டில பெய்த மழைக்கும் வித்தியாசம் இருக்கு. என்ர அட்டவணையில அந்த வரிகளை வேற நிறத்தில போட்டிருக்கிறன். என்ர ஆய்வு மேற்பார்வையாளர் நிறத்தை எடுக்கச் சொன்னார். எடுக்கேல்ல.

கிளைக்கதை ஒண்டு. கணக்குப் போட்டு வானிலையைச் சொல்லலாம் எண்டு முதல் முயற்சி செய்தது லூயிஸ் ரிச்சட்சன். முதலாம் உலக யுத்தத்தில பிரான்சில அம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு, ஓய்வு நேரத்தில கையால போட்ட கணக்கு. 1910 மே 20ஆம் திகதிக்கு ஆறு மணித்தியால எதிர்வுகூறல். விடை: அமுக்கம் 145 ஹெக்ரோபஸ்கல் ஏறும். ஒண்டரை மீற்றர் தண்ணிக்குக் கீழ போய் நிக்கிறதுக்குக் கிட்ட. உண்மையில அண்டைக்கு அமுக்கம் அசையவே இல்லை. 1917இல சண்டைக்குள்ள அந்தக் கையெழுத்துப் பிரதி துலைஞ்சு, மாதக்கணக்குக்குப் பிறகு நிலக்கரிக் குவியலுக்குக் கீழ கிடந்து எடுத்தவை. பிழைச்ச விடையையும் மறைக்காமல் 1922இல அச்சிட்டார். இடம்பெயரேக்க சேட்டிபிக்கட்டைப் பொலித்தீனில சுத்திக்கொண்டு திரிஞ்ச ஊருக்கு நிலக்கரிக் குவியலை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2023 நவம்பர் 5

சரி, தீர்மானம். வீச்சாத்தான் எதிர்வுகூறல் வரும் எண்டு பாத்தம். வாய்ப்பு 20 வீதம் எண்டு கையில வந்தால் என்ன செய்யிறது?

பாடப்புத்தகக் கணக்கு இது. முந்தித் திறந்து போற தண்ணியின்ர பெறுமதி ஒரு பங்கு, திறக்காமல் விட்டு வெள்ளம் வந்தால் அழிவு ஐஞ்சு பங்கு எண்டு வையுங்கோ. ஒண்டை ஐஞ்சால பிரிச்சால் 20 வீதம். வெள்ளத்துக்கான வாய்ப்பு அதைத் தாண்டினால் திற. முடிஞ்சுது. ஆனால் அந்த எல்லையில நிண்டு திறக்கிற ஐஞ்சு தடவையில நாலு தடவை வெள்ளம் வந்திருக்காது. நாலு தடவையும் கமக்காரர் அமைப்பு வந்து, “சும்மா கிடந்த தண்ணியைக் கடலுக்கு விட்டிட்டான்” எண்டு நிக்கும். அவையின்ர கோவமும் நியாயம். தண்ணி சுண்டிக்குளம் கடலேரிக்குப் போனால் திரும்பி வராது.

2018 டிசம்பரில கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளம் நினைவிருக்கும். வான்கதவு பிந்தித் திறந்ததோ எண்டு விசாரணை வரைக்கும் போனது. ஆர் சரி, ஆர் பிழை எண்டு கதைக்க நான் வரேல்ல. எனக்குள்ள கேள்வி வேற: ஒரு வெள்ளத்தை வைச்சு ஒரு தீர்மானத்தை நிறுக்கலாமா? 20 வீதம் எண்டு சொன்னான், வெள்ளம் வந்துது. அவன் பிழையா சொன்னானா? வானிலையாளர் கிளென் பிரையர் 1950இல ஒரு அளவுகோல் தந்தார். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கிக்கிறது. 0.2 சொல்லி வெள்ளம் வந்தால் 0.64, வராட்டில் 0.04. ஆனால் அது கனக்கத் தடவைகளின்ர சராசரியில மட்டுந்தான் ஏதாவது சொல்லும். ஒற்றைத் தடவைக்கு வாய்ப்பு எண்டால் என்ன அர்த்தம் எண்டதே மெய்யியலில இன்னும் தீராத வழக்கு.

முடிவு தெரிஞ்ச பிறகு “உது முதலே தெரிஞ்சிருக்க வேணும்” எண்டு தோன்றும். உளவியலாளர் பாருக் பிஷ்ஷொஃப் 1975இல இதைப் பரிசோதிச்சுக் காட்டினார். நடந்ததைச் சொல்லிவிட்டால், அது நடக்கத்தான் இருந்தது எண்டு ஆக்கள் கூட மதிப்பிடுகினம். அடுத்த வருசம் மெய்யியலாளர்கள் பேர்னாட் வில்லியம்ஸும் தொமஸ் நேகலும் அறம் சார்ந்த அதிர்ஷ்டம் பற்றி எழுதினவை. ரெண்டு பொறியியலாளர், ஒரே தகவல், ஒரே தீர்மானம். ஒருத்தற்ற குளத்துக்கு மேல மேகம் கலைஞ்சு போட்டுது, மற்றவற்ற குளத்துக்கு மேல நிண்டு கொட்டிச்சுது. முதல் ஆளை ஊர் மறந்திடும். ரெண்டாவது ஆள் விசாரணைக்குப் போவார். தண்டனையை எதுக்குக் குடுக்கிறம், தீர்மானத்துக்கா, மேகத்துக்கா?

2023 நவம்பர் 6

ராத்திரி எழுதினதில ஒரு இடம் உறுத்துது. ஒரு பங்கு, ஐஞ்சு பங்கு எண்டு லேசாப் போட்டிட்டன். அந்த ஒரு பங்கு ஆர்ர? ஐஞ்சு பங்கு ஆர்ர?

தண்ணி போனால் இழக்கிறது குளத்துக்குக் கீழ சிறுபோகம் செய்யிறவை. வெள்ளம் வந்தால் இழக்கிறது முரசுமோட்டை, கண்டாவளை, பரந்தன் பக்கத்துத் தாழ்ந்த நிலத்தில வீடு உள்ளவை. சில பேர் ரெண்டிலயும் இருக்கினம், கனபேர் ஒண்டில மட்டும். ஒருத்தற்ற நட்டத்தை மற்றவற்ற லாபத்தால கழிக்கிற கணக்கு, எல்லாரையும் சேர்த்து ஒரே ஆளா எண்ணுது. மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் 1971இல, மொத்த நன்மை கூடினால் சரி எண்ட பயன்பாட்டுவாதத்தைக் குத்தினது இந்த இடத்திலதான். என்ர நிரலில அது ஒரேயொரு வரி. ரெண்டு இழப்பையும் ஒரு கூட்டல் குறி சேர்க்குது. அந்தக் கூட்டல் குறியைப் போடுறதுக்கு எனக்கு ஆர் அதிகாரம் தந்தது? கணினி விஞ்ஞானத்தில அதை, எதைக் குறைக்க வேணும் எண்டு கணினிக்குச் சொல்லுற இலக்குச் சார்பு எண்டு சொல்லிக் கடந்து போயிடலாம். நாலு துறைக் கேள்விக்கு என்ர நேரடி விடை இந்த வரிதான்.

2023 நவம்பர் 12

தீபாவளி. இண்டைக்கு ஒண்டும் எழுதேல்ல. ஆட்டிறைச்சி விலையைப் பற்றி மெய்யியல் கேள்வி கேட்க வேண்டாம்.

2023 நவம்பர் 18

எதிர்பார்த்தது வந்திட்டுது: “இதெல்லாம் செயற்கை நுண்ணறிவு பாத்துக்கொள்ளும், அண்ணை”.

இந்தக் கிழமை ‘சயன்ஸ்’ சஞ்சிகையில கூகிளின்ர டீப்மைண்ட் ஆக்கள் செய்த கிராஃப்காஸ்ட் எண்ட வானிலை செயற்கை நுண்ணறிவு பற்றிக் கட்டுரை வந்திருக்கு. பத்து நாள் எதிர்வுகூறலை ஒரு நிமிசத்துக்குள்ள ஒற்றை இயந்திரத்தில தருது. கன அளவுகோலில வழமையான மொடலை முந்துது. 1950இல எனியாக் கணினியில முதல் எதிர்வுகூறல் ஓடேக்க 24 மணித்தியாலத்து வானிலையைச் சொல்ல ஏறக்குறைய 24 மணித்தியாலம் பிடிச்சது. அந்த வளர்ச்சியைப் பாத்து வாயைப் பிளக்காட்டில் மனுசனில்லை.

ஆனால் அது படிச்சது என்னத்தை? ஈஆர்ஏ-5ஐ. நான் வேற நிறத்தில போட்ட அதே வரிகளை. அதின்ர ஒரு கட்டம் கால் பாகை. எங்கட அகலாங்கில அது பக்கத்துக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர். மழையை வாங்கிற எங்கட நிலம் பூரா ஒண்டு, ரெண்டு கட்டத்துக்குள்ள அடங்கிடும். மாங்குளத்தில கொட்டி முறிகண்டியில தூசு பறக்கிற வித்தியாசம் அந்தக் கட்டத்துக்குள்ளயே கரைஞ்சு போகும். வங்காள விரிகுடாவில தாழமுக்கம் எங்க போகும் எண்டதுக்கு இது நல்ல ஆயுதம். பின்னேரத்து இடிமழைக்கு இல்லை.

இன்னொரு எல்லையும் இருக்கு. வானிலையாளர் எட்வேட் லொரென்ஸ் 1961இல தன்ர கணினியில 0.506127 எண்டதுக்குப் பதிலா 0.506 எண்டு குடுத்தார். கொஞ்ச நேரத்தில எதிர்வுகூறல் வேற உலகத்துக்குப் போட்டுது. 1963இல அதைக் கட்டுரையா எழுதினார். பிரெஞ்சுக் கணிதர் லப்பிளாஸ் 1814இல கற்பனை செய்த எல்லாந்தெரிஞ்ச அறிவுக்கு ஒரு பிரச்சினையும் வராது, அது முடிவிலி தசமதானம் வைச்சிருக்கும். எங்களிட்ட மழைமானி வாய் 20 சென்ரிமீற்றர். நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றருக்கு அந்த வாய்தான் சாட்சி.

பௌதிகப் பெடியன் திரும்ப வந்து, “காலநிலை மொடல் எல்லாம் பௌதிகமா” எண்டுறார். தம்பி, 2021 பௌதிகவியல் நொபெல் பரிசை ஒருக்காத் தேடிப் பாரும். மனாபேயும் ஹசல்மானும் எதுக்கு வாங்கினவை எண்டு இருக்கும்.

2023 நவம்பர் 24

மேற்பார்வையாளரோட கதைச்சன். அவருக்கு ஒரு எண் வேணும். இத்தினை மில்லிமீற்றர் மழை எண்டால் இத்தினை கதவு, முடிவுரையில ஒரு வரி. நான் அதுக்கு ஒத்துக்கொள்ளேல்ல. நான் குடுக்கப்போறது ஒரு வரைபடம். ஒரு அச்சில இழப்பு விகிதம், ஒண்டுக்கு ரெண்டில இருந்து ஒண்டுக்கு இருபது வரைக்கும். மற்ற அச்சில கதவு திறக்க வேண்டிய நேரம். ஒத்துப்போற எல்லா மொடலும் அதில ஒரு பட்டையா வரும். விகிதம் எவ்வளவு எண்டதை நான் தீர்மானிக்கேல்ல. வருசாவருசம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில சிறுபோகம் எத்தினை ஏக்கர் எண்டு சண்டை பிடிச்சுத் தீர்மானிக்கினம்தானே, அங்க வைச்சு இதையும் தீர்மானிக்கட்டும்.

இதைச் சொன்ன உடன வட்டக்கச்சி அண்ணை கேட்டார்: “அந்தக் கூட்டத்துக்கு வாறது கமக்காரர். வெள்ளம் வந்து வீட்டை விட்டு ஓடுறவையில காணி இல்லாத சனமும் கனக்க. அவையை ஆர் கூப்பிட்டது?”

இதுக்கு என்னட்ட கணிதம் இல்லை. அதால பட்டையை ரெண்டாப் பிரிக்கிறன். வயல் தண்ணியை இழக்கிறவையின்ர கணக்கில ஒண்டு, வீட்டுக்குள்ள தண்ணி வாறவையின்ர கணக்கில இன்னொண்டு. கூட்டல் குறியை நிரலில இருந்து தூக்கியாச்சு. ரெண்டு பட்டையும் எங்க விலகுது எண்டதை இன்னும் ஓட்டிப் பாக்கேல்ல. மாங்குளத்துப் பழைய மழைக் கொப்பியைத் தட்டச்சு செய்து முடிய ஓட்டுவன். கையெழுத்து வாசிக்கத் தெரிஞ்ச, சம்பளம் கேட்காத ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ. தேத்தண்ணி என்ர செலவு.